டெல்மர் பிக்கெட்டின் மோசமான வருடம்

ஆக்ஸ்டெல், நெப்ராஸ்கா
ஜனவரி 21, 1974

மதிப்பிற்குரிய திரு. டெல்மர் பிக்கெட் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. இந்த ஊர் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டுச் சீட்டு எழுதுவது என் வேலை. குளிர்காலத்தில் லாரி வராது. எனக்கும் அக்கா ஆக்டாவுக்கும் சமைத்துச் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அதனால் மேஜை மேல் பேஸ்பால் ஆடுகிறேன்.

நீங்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை உண்டு. அந்த வருடம் அவர் நிஜத்தில் எப்படி ஆடினாரோ அதைக் கணக்கிட்டு அச்சடித்திருப்பார்கள். பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அட்டையில் பார்த்தால் ஹிட்டா அவுட்டா என்று இருக்கும். இந்த மாதம் 5ஆம் தேதி, லேக்மென் அணியின் 1962ஆம் வருட ஆட்டங்களை முதல் நாளிலிருந்து ஆடத் தொடங்கினேன். அன்றன்று யார் யார் களத்தில் இருந்தார்கள் என்று பழைய விளையாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்து அதேபோல் ஆட்களை நிறுத்துகிறேன். மற்றதெல்லாம் பகடையின் பாடு. விழுந்ததை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

அந்த வருடம் நீங்கள்தான் மாற்று கேட்சர். கஸ் மார்க்கெட்டிக்கு ஓய்வு தேவைப்பட்ட நாட்களில் மட்டும் பந்து பிடிக்க இறங்கினீர்கள். தவறாக நினைக்கக் கூடாது, என் மேஜையில் நீங்கள் சரியாக ஆடவில்லை. ஜூன் 10 வரை நாற்பத்தொரு தடவை மட்டை பிடித்து மூன்றே ஹிட். உங்கள் அட்டையே பலவீனமான அட்டைதான், இருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்க வேண்டும். சந்தேகப்பட்டுப் பத்திரிகையைப் பார்த்தேன். நிஜத்திலும் ஜூன் 10 வரை உங்கள் கணக்கு நாற்பத்தொன்றுக்கு மூன்றுதான். வேடிக்கையாக இருந்தது. உங்களுக்கும் வேடிக்கையாக இருக்குமே என்று எழுதுகிறேன்.

உங்கள் ரசிகன்,
ஓரின் ஹால்வர்சன்


மேஃபீல்ட், கென்டக்கி
பிப்ரவரி 2, 1974

ஹால்வர்சன்,

கடிதம் வந்தது. எனக்கு வேடிக்கையாக இல்லை.

நான் பெரிய அணியில் ஆடியது அந்த ஒரே வருடம். அதுதான் என் வாழ்க்கையிலேயே மோசமான வருடமும்கூட. அதற்கு முன் சின்ன ஊர் அணிகளில் ஒன்பது வருடம் நன்றாக ஆடினேன், அதற்கெல்லாம் யாரும் அட்டை போடவில்லை. இப்போது பள்ளிக்கூட பஸ்களுக்கு பிரேக் மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். உருட்டி விளையாட உங்களுக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை? என் அட்டையை அடுப்பில் போடுங்கள்.

இதை என் மனைவி நோரீன் படித்துவிட்டாள். "முன்னப் பின்னத் தெரியாத மனுஷன் ஆசையா ஒரு கடுதாசி போட்டா இப்படியா எரிஞ்சு விழுவாங்க?" என்கிறாள். நன்றி என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்கிறாள். நன்றி.

டி. பிக்கெட்


ஆக்ஸ்டெல்
பிப்ரவரி 11, 1974

மதிப்பிற்குரிய திரு. பிக்கெட்,

உங்கள் மனதைப் புண்படுத்தியதற்கு மன்னியுங்கள். மறுபடி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு விஷயம். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் பனியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள்.

ஜூன் 10 அன்று மொத்தக் கணக்கு பொருந்தியது தற்செயல் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டேன். திரு. பிக்கெட், நாள்வாரியாகப் பொருந்துகிறது. நீங்கள் எந்த இன்னிங்ஸில் எப்படி அவுட் ஆனீர்களோ, என் மேஜையிலும் அதே இன்னிங்ஸில் அப்படியே அவுட் ஆகிறீர்கள்.

உங்களுக்கு மட்டும்தான் இப்படி. மார்க்கெட்டி அந்த வருடம் மொத்தமே பதினான்கு ஹோம்ரன் அடித்தார், என் மேஜையில் ஜூலைக்குள் இருபதைத் தாண்டிவிட்டார். நிஜத்தில் ஏழாவது இடத்தில் கிடந்த அணி என்னிடம் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. மற்ற எல்லோரும் பகடை சொன்னபடி அவரவர் வழியில் போகிறார்கள். நீங்கள் மட்டும் போவதில்லை.

பகடையை மாற்றிப் பார்த்தேன். சாயங்காலம் ஆக்டா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவள் கையில் கொடுத்து உருட்டச் சொன்னேன். யாருக்காக என்று சொல்லவில்லை. உங்கள் முறைக்கு மட்டும் அவள் உருட்டினாள். மூன்று தடவையும் பத்திரிகையில் இருப்பதுதான் விழுந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

"நம்பரைப் பாருடா, என் மூஞ்சியை ஏன் பார்க்கற? மாவு ஒட்டியிருக்கா?" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்றால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

ஓரின் ஹால்வர்சன்


மேஃபீல்ட்
பிப்ரவரி 19, 1974

ஹால்வர்சன்,

இந்தக் கடிதம் நோரீனுக்குத் தெரியாது. பஸ் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பழைய பத்திரிகை கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் இப்படி எழுதலாம். நீங்கள் என்னை ஏய்க்கிறீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் 24. அன்று இரண்டு ஆட்டம். இரண்டாவது ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்ஸ். உங்கள் நோட்டில் என்ன இருக்கிறது? உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

டி. பிக்கெட்


ஆக்ஸ்டெல்
பிப்ரவரி 27, 1974

அன்புள்ள திரு. பிக்கெட்,

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூன் 24, இரண்டாவது ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ்: எளிய பந்து உங்கள் கையிலிருந்து நழுவுகிறது, எதிரணி ஆள் மூன்றாவது பேஸுக்கு ஓடிவிடுகிறார். பத்திரிகையிலும் இதுதான்.

ஆனால் என் நோட்டின் ஓரத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. "கட்டைவிரல்." நான் ஓரத்தில் எதுவும் எழுதுகிறவன் இல்லை. இருபத்து மூன்று வருடமாக எடைச் சீட்டு எழுதுகிறேன், கட்டத்துக்கு வெளியே பேனாவை வைத்ததில்லை. இதை எழுதியதாக நினைவும் இல்லை. என் எழுத்து வலப்பக்கம் சாயும். இது இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? இல்லை என்று நீங்கள் எழுதினால் சந்தோஷப்படுவேன்.

ஓரின் ஹால்வர்சன்


மேஃபீல்ட்
மார்ச் 6, 1974

ஹால்வர்சன்,

அர்த்தம் உண்டு.

ஜூன் 24 முதல் ஆட்டத்தில் பந்து பட்டு என் வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்தது. உள்ளே எலும்பிலும் விரிசல் விட்டிருந்தது. வெளியே சொல்லியிருந்தால் அன்றைக்கே ஊருக்கு ரயில் ஏற்றியிருப்பார்கள். மாற்று கேட்சருக்கு மாற்று கேட்சர் எத்தனையோ பேர் வரிசையில் நின்றார்கள். கழிப்பறையில் வைத்து எனக்கு பிளாஸ்டர் ஒட்டிவிட்டவன் எங்களுக்குப் பந்து வீசும் பிட்சர் விர்ஜில் கோட்ஸ். "மூச்சு விடமாட்டேன்டா, போய் உட்காரு" என்றான். கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவருக்குத் தெரியாது, மேனேஜருக்குத் தெரியாது. நோரீனுக்கே கதவில் நசுங்கியது என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். செப்டம்பர் 8 ஆட்டத்தில் என்னை இறக்காதீர்கள். அன்று நான் ஆடினேன் என்று பத்திரிகையில் இருக்கும். இருக்கட்டும். மார்க்கெட்டியை இறக்குங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

டெல்மர் பிக்கெட்


ஆக்ஸ்டெல்
மார்ச் 15, 1974

அன்புள்ள திரு. பிக்கெட்,

கேட்காமல்தான் செய்தேன். செப்டம்பர் 8 பட்டியலில் உங்கள் பெயரை அடித்துவிட்டு மார்க்கெட்டி பெயரை எழுதி வைத்தேன். அதற்கு முன் செப்டம்பர் 7 ஆட்டத்தை ஆடினேன். இரண்டாவது இன்னிங்ஸில் மார்க்கெட்டிக்கு முதல் உருட்டல். காயம். எத்தனை நாள் என்று பார்க்க இன்னொரு உருட்டல். சீசன் முடியும்வரை. இந்த விளையாட்டு என்னிடம் ஏழு வருடமாக இருக்கிறது, அந்த எண் விழுந்து நான் பார்த்ததே இல்லை.

அணியில் கேட்சர் இரண்டே பேர். விதிப்படி வேறு யாரையும் அந்த இடத்தில் உட்கார வைக்க முடியாது. செப்டம்பர் 8 அன்று நீங்கள்தான் இறங்கியாக வேண்டும். அதோடு நிறுத்திவிட்டேன். அட்டைகளைப் பெட்டியில் போட்டுக் கட்டி அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

கேட்கக் கூடாது என்றீர்கள், ஆனால் செப்டம்பர் 8ஐப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டேன். எட்டாவது இன்னிங்ஸ். கோட்ஸ் வீசிய பந்து கானன்ஸ் அணியின் இருபத்திரண்டு வயதுப் பையன் லாயிட் டீகனின் முகத்தில் பட்டு இடது கண் போனது. படிக்கவே கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள். அதை மறுபடி ஒரு தடவை நடக்கவிட மனம் வராதது எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள். பந்தை வீசியவர் கோட்ஸ். நீங்கள் பின்னால் பிடிக்க உட்கார்ந்திருந்தவர் மட்டும்தானே?

ஓரின்


மேஃபீல்ட்
மார்ச் 22, 1974

ஓரின்,

பெட்டி அலமாரி மேலேயே இருக்கட்டும். நான் கேட்டாலும் எடுக்காதீர்கள்.

நேற்றுக் காலை காபி குடிக்கக் கோப்பையைத் தூக்கினேன். வலது கட்டைவிரல் நகம் பிளந்துவிட்டது. எதுவும் இடிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் முன்னால் பிளந்த அதே கோட்டில். நோரீன் பதறிப்போய், "என்னங்க பண்ணீங்க?" என்று கேட்டாள். "கதவுல நசுங்கிடுச்சு" என்றேன். எந்தக் கதவு என்று அவள் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சமையலறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தோம், பக்கத்தில் கதவே இல்லை.

டெல்மர்


ஆக்ஸ்டெல்
ஏப்ரல் 1, 1974

அன்புள்ள டெல்மர்,

நான் ஆடிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்தோம், சாப்பிட்டோம். ஆக்டா பாத்திரம் கழுவப் போனாள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கியது நினைவில்லை. கயிற்றை அவிழ்த்தது நினைவில்லை. நினைவு வரும்போது ஆக்டா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் நல்ல வெயில். எதிரே அட்டைகள் விரித்திருந்தன. செப்டம்பர் 8, எட்டாவது இன்னிங்ஸ் வரை நோட்டில் ஏறியிருந்தது. கடைசி வரி: டீகன், பந்து பட்டது, காயம், சீசன் முடியும்வரை.

"எவ்வளவு நேரமா கூப்பிடறேன்!" என்றாள் ஆக்டா. அவள் முகம் வெளிறியிருந்தது. "ஓரின், நீ எப்போ இடது கையால எழுதக் கத்துக்கிட்ட?"

பேனா என் இடது கையில் இருந்தது. நான் இடது கையால் ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

அந்த வரிக்கு எதிரே ஓரத்தில் மூன்று குறிகள் இருக்கின்றன. முதலில் ஒரு பெருக்கல் குறி. அதற்குக் கீழே இன்னொரு பெருக்கல் குறி. அதற்கும் கீழே ஒரு சரி. மூன்றும் மிக அழுத்தமாக, தாள் கிழியும் அளவுக்கு.

இந்த விளையாட்டில் அப்படி ஒரு குறியே கிடையாது. இது என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். ஆனால் ஆக்டா நேற்றிலிருந்து அந்த அறைக்குள் வருவதில்லை.

ஓரின்


மேஃபீல்ட்
ஏப்ரல் 8, 1974

ஓரின்,

தெரியும். உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது அது.

எந்தப் பந்தை வீசுவது என்று பிட்சர் தானாக முடிவு செய்வதில்லை. பின்னால் குத்த வைத்து உட்கார்ந்திருக்கும் கேட்சர் இரண்டு தொடைகளுக்கு நடுவில் விரலைக் காட்டி, இதை வீசு என்று சொல்வான். பிட்சருக்குப் பிடிக்கவில்லை என்றால் தலையை ஆட்டி மறுப்பான். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் எழுத ஆரம்பித்துவிட்டேன், ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும்.

அன்று டீகன் என்னைக் கேவலப்படுத்தினான். விரலில் பிளாஸ்டரோடு என்னால் இரண்டாவது பேஸ்வரை பந்தை எறிய முடியவில்லை. அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். மூன்று தடவை, என் பந்து போய்ச் சேருவதற்குள், என் கண் முன்னாலேயே பேஸைத் திருடி ஓடினான். மூன்றாவது தடவை, பேஸ்மேல் நின்று தொப்பியைக் கழற்றி, "தாத்தா! தூக்கிப் போட முடியலைன்னா உருட்டி விடுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்!" என்று கத்தினான். ஸ்டேடியமே சிரித்தது. எங்கள் பெஞ்சிலும் சிரித்தார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. மறுநாளே என்னை அனுப்பிவிடப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

எட்டாவது இன்னிங்ஸில் அவன் மறுபடி மட்டை பிடிக்க வந்தான். தலைக்கு வீசு என்று விர்ஜிலுக்குக் காட்டினேன். விர்ஜில் தலையை ஆட்டினான். மறுபடி காட்டினேன். மறுபடி ஆட்டினான். மூன்றாவது தடவை, கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினேன். பிளாஸ்டர் ஒட்டின விரல். பார்த்தாயா என்னை, எனக்காக இதைச் செய்யமாட்டாயா என்று அதற்கு அர்த்தம். அவன் சரி என்று தலையசைத்தான்.

பயமுறுத்தத்தான் நினைத்தேன் என்று பன்னிரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நினைத்தது அதுதானா என்று இப்போது நிச்சயமில்லை.

ஆட்டம் முடிந்து பத்திரிகைக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "கை நழுவிடுச்சு போல. பாவம் விர்ஜில்" என்றேன். விர்ஜில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. மறு வருடத்திலிருந்து எந்த ஊரில் அவன் களத்தில் இறங்கினாலும் "கண்ணைப் பிடுங்கினவன்" என்று கத்தினார்கள். அவனை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

விர்ஜில் இடதுகைக்காரன்.

நாளை காலை ஓக்லஹோமா புறப்படுகிறேன். அவன் ஊர் சாலிசா என்று கேள்வி. நோரீனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய் என் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினாள். "போயிட்டு வாங்க. ஆனா வந்ததுக்கப்புறம் அந்தக் கதவுக் கதையை மறுபடி சொல்லாதீங்க" என்றாள்.

டெல்மர்


மேஃபீல்ட்
ஏப்ரல் 19, 1974

ஓரின்,

வீடு வந்து நான்கு நாள் ஆகிறது.

சாலிசாவில் கதவைத் திறந்தது விர்ஜிலின் தங்கை. நான் யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். விர்ஜில் இறந்துவிட்டான். நெஞ்சு வலி, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே. தேதி கேட்டேன். ஜனவரி 4.

நீங்கள் முதல் ஆட்டத்தைத் தொடங்கியது மறுநாள். அதைப் பற்றி நான் வேறு எதுவும் எழுதப் போவதில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?" என்று கேட்டேன்.

"உங்களைப் பத்தியா? இல்லீங்களே. பேஸ்பால் பத்தியே பேசமாட்டான். வருஷா வருஷம் செப்டம்பர்ல மட்டும் ரெண்டு நாள் எங்கேயோ போயிட்டு வருவான். கேட்டா, வேலை இருக்குன்னுவான்."

அங்கிருந்து நேராக மிசோரிக்கு ஓட்டினேன். டீகன் செடாலியாவில் கார் சைலன்சர் கடை வைத்திருக்கிறான். கறுப்புக் கண்ணாடி, தலை பாதி நரைத்துவிட்டது. என் குரலைக் கேட்டதுமே அடையாளம் தெரிந்துகொண்டான். "அட, உருட்டி விடுற தாத்தாவா!" என்று சிரித்தான். அவன் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். விரல், இரண்டு தடவை விர்ஜில் மறுத்தது, மூன்றாவது தடவை, பத்திரிகைக்காரர்களிடம் நான் சொன்னது.

டீகன் அடிப்பான் என்று நினைத்தேன். அவன் கையில் ஒரு இரும்புக் குழாய் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

"விர்ஜில் இங்க வந்துக்கிட்டிருந்தான், தெரியுமா உனக்கு?" என்றான். "வருஷா வருஷம் செப்டம்பர் எட்டு. பதினோரு வருஷம். ஓக்லஹோமாவுலேர்ந்து வண்டி ஓட்டிக்கிட்டு வருவான். கடைக் கூரைக்குத் தகரம் மாத்துவான், போர்டுக்குப் பெயிண்ட் அடிப்பான், குப்பையெல்லாம் அள்ளுவான். ஒரு பேச்சுப் பேசமாட்டான். நானும் பேசமாட்டேன். இந்தச் சேரைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்து, அவன் வேலை செய்யறதைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். அதுல எனக்கு ஒரு சந்தோஷம்."

டீகன் கூரையை நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரு வருஷம் நல்ல வெயில். என் பொண்டாட்டி மேவிஸ் அவனுக்குத் தண்ணி எடுத்துட்டுப் போனா. நான் எழுந்து போயி அவ கையிலேர்ந்து டம்ளரை வாங்கி, அவன் முன்னாலேயே கீழே ஊத்தினேன். போன செப்டம்பர்ல, பாத்ரூம் எங்கே இருக்குன்னு கேட்டான். பதினோரு வருஷத்துல என்கிட்ட கேட்ட ஒரே விஷயம். ஒரு மைல் தள்ளி பெட்ரோல் பங்க் இருக்கு, நடந்து போன்னேன். போனான். வயசான மனுஷன் மாதிரி நடந்து போனான்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். அந்தக் கண்ணை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"கண்ணு போனது போகட்டும் பிக்கெட். நானும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கலை. அதுக்கு உன்னை என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிக்கறேன். ஆனா அந்த மனுஷனை நான் இப்படி நடத்தினேனே, இதைக் கொண்டுபோய் யார்கிட்ட சொல்றது? நீ ஒரு வார்த்தை வாயைத் திறந்திருந்தா நான் இதைச் செஞ்சிருப்பேனா? சொல்லு."

விர்ஜில் இறந்துவிட்டான் என்பதை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன்.

டீகன் கடைக்குள் போனான். திரும்பி வந்தபோது கையில் வண்டிச் சாவி இருந்தது. "புதைச்ச இடம் தெரியுமா?"

"தெரியும்."

"ஏறு."

சாலிசா வரை ஐந்தரை மணி நேரம். இடது பக்கம் அவனுக்குத் தெரியாது என்பதால் திருப்பங்களில் முழுத் தலையையும் திருப்பிப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். கல்லறையில் அவன் ரொம்ப நேரம் நின்றான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பிறகு என்னிடம் வந்து, "நீ போ" என்றான். போனேன். குத்த வைத்து உட்கார்ந்தேன். என் தப்புடா என்று மட்டும் சொன்னேன்.

டீகன் என்னை மன்னிக்கவில்லை. கை கொடுக்கவில்லை. நான் ஊர் திரும்ப பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, என் கார் தன் கடையில் கிடக்கிறது என்பது நினைவுக்கு வந்து, மறுபடி ஏற்றிக்கொண்டான். அவ்வளவுதான்.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த விளையாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். விர்ஜிலின் தங்கைக்கு ஒரு பிரதி. போடுவார்களோ மாட்டார்களோ. இங்கே கொட்டகையில் எல்லோருக்கும் நானே சொல்லிவிட்டேன். சிலர் பேசுவதில்லை.

மார்க்கெட்டிக்குக் காயம் என்று எழுதியிருந்தீர்கள். நிஜத்தில் செப்டம்பர் 8க்குப் பிறகு நான் ஆடவே இல்லை, மறுநாளே அனுப்பிவிட்டார்கள். உங்கள் மேஜையில் மீதி ஆட்டங்களை யார் ஆடுவார்கள்? ஆடப் பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆடினால் எனக்கு எழுதுங்கள்.

டெல்மர்


ஆக்ஸ்டெல்
மே 6, 1974

அன்புள்ள டெல்மர்,

உங்கள் கடிதத்தை ஆக்டாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். முடிந்ததும், "பெட்டியை எடு. நானும் கூட உட்கார்றேன்" என்றாள். அன்றிலிருந்து தினமும் எதிரே உட்கார்ந்து, என் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று சீசனின் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

வேறு ஆள் இல்லாததால் மீதிப் பத்தொன்பது ஆட்டமும் நீங்கள்தான் கேட்சர். ஒப்பிட்டுப் பார்க்கப் பத்திரிகையில் எதுவும் இல்லை. ஐம்பத்தைந்து தடவை மட்டை பிடித்தீர்கள், ஆறு ஹிட். மன்னியுங்கள், உள்ளதைவிட இதைக் கூட்டிச் சொல்ல முடியாது. வருடத்துக்கு இதுவரை மொத்தம் நூற்றுப் பதினாறுக்குப் பதினைந்து. நிஜத்தில் இருந்ததைவிட மோசம். நோட்டின் ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன.

கடைசி ஆட்டம் செப்டம்பர் 30. பந்து வீசும் முறை விர்ஜிலுடையது. ஒன்பது இன்னிங்ஸும் அவர் வீசினார், நீங்கள் பிடித்தீர்கள். எதிரணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை. நம் பக்கமும் எடுக்கவில்லை. ஒன்பதாவதில் மூன்றாவது பேஸில் ஓர் ஆள், இரண்டு அவுட், நீங்கள் மட்டை பிடிக்க வந்தீர்கள். ஒரு ஹிட் வந்தால் ஆட்டம் நம்முடையது. பகடையை ஆக்டாவிடம் நீட்டி உருட்டச் சொன்னேன். அவள் மேஜைக்கு மேல் கையைக் குவித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள், பிறகு விட்டாள்.

பந்து நேராக மேலே போனது. ஓடக்கூட வேண்டியதில்லாத கேட்ச்.

"ஐயய்யோ, இந்த மனுஷன் கொஞ்சம்கூட முன்னேறலையே!" என்று கத்திவிட்டாள். பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். குளிர் தொடங்கியதிலிருந்து இந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை.

ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போகிறது. விர்ஜில் களைக்கவில்லை என்று அட்டை சொல்கிறது. இன்று வெயில் நன்றாக அடிக்கிறது, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம். தபால் போட்டுவிட்டு வந்து தொடரலாம் என்று எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறேன். அவர் பந்து வீசும் மேட்டில் நிற்கிறார். நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உங்கள்,
ஓரின்